இரண்டாவது கயிறு

மார்ச் 9

தம்பிக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்கிறாய், அப்புறம் சிக்னல் இல்லை என்கிறாய். உன் ஊரில் எனக்கு மட்டும்தான் சிக்னல் கிடைக்காது போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது பார்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கதோஷம். போன திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். அதே சலவைக்கூடம்தான், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளின் மூலையில் எண் குத்துகிற அதே வேலைதான். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நான் உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வருமா என்று உட்கார்ந்து காத்துக்கூடப் பார்த்தேன், வரவில்லை. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்றும் தெரிவதில்லை. "அம்மா, இன்னிக்கும் ரெண்டு தடவ போட்டுட்ட" என்று பாப்பாதான் சொல்கிறாள்.

உங்கள் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். ஒரு தாளை வாசித்துக் காட்டினார். உயரமான கட்டிடத்தில் கண்ணாடி துடைக்கக் கயிற்றில் இறங்குகிறவன் இரண்டு கயிறு கட்ட வேண்டுமாம், ஒன்று போனால் இன்னொன்று தாங்க. உன் மாமா இரண்டையும் ஒரே இரும்பு வளையத்தில் கட்டிவிட்டாராம். வளையம் சுவரோடு பெயர்ந்ததும் இரண்டும் சேர்ந்து போய்விட்டதாம். "தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு" என்று முடித்தார். முடித்துவிட்டு, உங்கள் கயிறு அறைச் சுவரில் எழுதியிருக்குமே அந்த வரி, அதையும் எனக்குச் சொல்லிக் காட்டினார். எனக்கே!

அந்த வரியை நான் இங்கே எழுதப்போவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வரி. குடை வாங்கினாலும் அதைச் சொல்லிக்கொண்டே இரண்டாக வாங்குவார். பாப்பாவின் பென்சில் டப்பாவில் இரண்டு ரப்பர். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திருகிப் பார்க்கிற மனிதருக்குக் கவனக்குறைவாம். யாரிடம் சொல்கிறார்கள்?

நீ பக்கத்தில் இருந்தவன். என்ன நடந்தது என்று எழுது. அவர் பையையும் அனுப்பிவை.

இன்னொன்று. நான் ஜனவரியில் உனக்கு எழுதியது நினைவிருக்கும். நாம் பிறந்த வீட்டு மாடி ரூமை இனி யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடு. இனி நான் யாரை விட்டு அங்கே போகப்போகிறேன்?

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் எடுக்காதது தப்புதான். உன் குரல் கேட்டால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். என்னைக் கீழே போட்டிருக்கிறார்கள். வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து மேலே அனுப்புகிற வேலை. நாங்கள் தங்கியிருந்த ரூமில் மாமாவின் கட்டில் அப்படியே இருக்கிறது. மேஸ்திரி வேறு ஆளைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். கொடியில் அவருடைய துண்டு ஒன்று காய்கிறது. எப்போதோ காய்ந்துவிட்டது, எடுக்கவில்லை.

கவனக்குறைவு இல்லை அக்கா. அது மட்டும் நிச்சயம். அன்றைக்கும் ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை, கயிறு அறுபடவில்லை. வளையம் பதித்திருந்த சுவர் உள்ளே தண்ணீர் இறங்கி உளுத்துப்போயிருந்தது. வெளியே பூச்சு நன்றாகத்தான் இருந்தது, பார்த்தால் தெரியாது.

கம்பெனி ஆள் வாசித்த அந்தத் தாளில் நான் இன்னும் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பையை அடுத்த வாரம் அனுப்புகிறேன். நான் அதைத் திறக்கவில்லை.

பாப்பாவின் பரீட்சை எப்போது? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கண்ணாடிகளில் சோப்பு சீக்கிரம் காய்ந்து கறை நிற்கிறது என்று புகார் வருகிறது.

தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

உன் ஊர்க் கண்ணாடியில் சோப்பு காய்ந்தால் எனக்கென்ன, காயாவிட்டால் எனக்கென்ன? தலையைச் சுற்றி மூக்கைத் தொடாதே. சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு, பூனை எவ்வளவு அழகு என்று பேச ஆரம்பித்தவன்தானே நீ. எனக்கு உன்னைத் தெரியாதா!

இரண்டு கயிறு ஏன் ஒரே வளையத்தில் இருந்தது? நான் கேட்டது இதைத்தான். நீ சுவர், பூச்சு, வெயில் எல்லாம் எழுதியிருக்கிறாய், இதை எழுதவில்லை.

எனக்கு இருக்கிற பயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. விரிப்புகளில் எண் குத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றியது. அவருக்குக் கவனக்குறைவு வராது. அப்படியானால் தெரிந்தேதான் செய்தாரோ? தோன்றியதும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் "என்னக்கா, மெஷின் மாட்டிக்கிச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நாங்கள் சண்டைக்காரர்கள் இல்லை, உனக்கே தெரியும். சண்டை போட அவர் வீட்டில் இருந்தால்தானே. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார், எது ஆடினாலும் முடுக்குவார், கிளம்பிவிடுவார். நானும் ஆடிக்கொண்டுதான் இருந்தேன், அது அவர் கண்ணில் படவில்லை. அதற்காக ஒரு மனிதர் போய்ச் சாகும் அளவுக்கு எங்களுக்குள் ஒன்றும் இல்லை. இல்லைதானே? நீதான் அவரோடு ஒரே ரூமில் இருந்தாய். சொல்.

பாப்பா கேட்டாள், "அப்பா ரெண்டு கயிறு கட்டுவாரே, அப்புறம் எப்படிம்மா?" என்று. தெரியாது என்றேன். அவளுக்கு எட்டு வயது. ஒரு பதில் கொடுத்துத்தானே ஆகவேண்டும்.

சுவரில் அந்த வரியை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்றாவது விசாரித்து எழுது. இத்தனை வருஷம் என் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்கிய வரி. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளவாவது எனக்கு உரிமை உண்டு.

அக்கா

மார்ச் 28

அக்காவுக்கு,

தெரிந்தே செய்யவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். என் மேல் ஆணையாக இல்லை. விபத்துக்கு முந்தின நாள் அவர் மேஸ்திரியிடம் லீவு கேட்டிருக்கிறார், அந்த மாதம் இருபதாம் தேதியிலிருந்து நான்கு நாள். எதற்கென்று சொல்லவில்லையாம். சாக நினைக்கிறவர் லீவு கேட்பாரா?

அந்த வரியைப் பற்றி ஸ்டோர்காரரிடம் கேட்டேன். அவர் இங்கே இருபத்தாறு வருஷமாகக் கயிறு கொடுத்து வாங்குகிறார். ஒவ்வொரு கயிற்றிலும் தேதிச் சீட்டுக் கட்டுகிறவர் அவர்தான். "பாதிய வச்சுக்கிட்டு எல்லாரும் முழுசுன்னு நெனச்சுட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, சோப்பு டின் அடுக்கியிருக்கிற இரும்பு ராக்கை நகர்த்தினார். பின்னால் இன்னொரு வரி இருந்தது. அதே பெயிண்ட், அதே கையெழுத்து. ராக் வந்து பதினைந்து வருஷமாகிறது, அதனால் யாரும் பார்த்ததில்லை.

முதலில் இருந்த ஆட்களில் ஒருவர் முடிச்சைக் கொஞ்சம் தப்பாகக் கற்றிருந்தாராம். அவருக்கே அது தெரியாது. ஒருநாள் இரண்டு கயிற்றையும் அவரே கட்டினார். ஒன்று உருவியதுபோலவே அடுத்ததும் உருவிவிட்டது. இரண்டும் ஒரே கை போட்ட முடிச்சு. அவரோடு வேலை செய்தவர் மறுநாள் தரைக்குக் கோடு போடுகிற மஞ்சள் பெயிண்டை எடுத்து வந்து சுவரில் இரண்டு வரி எழுதினாராம். முதல் வரி எல்லோருக்கும் தெரிந்தது, ஒரு கயிற்றை நம்பி இறங்கக்கூடாது என்பது. இரண்டாம் வரி, அந்த இன்னொரு கயிற்றைக் கூட இருக்கிறவன்தான் கட்ட வேண்டும், வேறு இடத்தில் கட்ட வேண்டும் என்பது. கூடுதலாக ஒன்று வைத்துக்கொள் என்பது அதன் அர்த்தமே இல்லையாம். உன்னை இன்னொருத்தன் கையில் கொடு என்பதுதான் அர்த்தமாம்.

எழுதியவர் அதோடு வேலையை விட்டுவிட்டாராம். பெயர்கூட ஸ்டோர்காரருக்கு நினைவில்லை.

மாமாவுக்கு அந்த இரண்டாம் வரி தெரியும். வார்த்தையாகத் தெரியாது, பழக்கமாகத் தெரியும். பழைய ஆட்களோடு வேலை செய்தவர். நான் வந்த முதல் நாளே சொன்னார், "மொத கயிறு உன்னோடது. ரெண்டாவது என்னோடது. எனக்கு நீ கட்டு, உனக்கு நான் கட்டுறேன்." ஆறு வருஷம் அப்படித்தான் கட்டினோம்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

அப்படியானால் அவருடைய இரண்டாவது கயிற்றை நீதான் கட்டியிருக்க வேண்டும்.

ஏன் கட்டவில்லை?

எனக்கு ஒரு வரி போதும்.

அக்கா

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

ஒரு வரியில் சொன்னால், அன்றைக்கு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் நீ விடமாட்டாய். நிறுத்துவது நியாயமும் இல்லை.

உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் இத்தனை நாள் மென்று முழுங்கினேன். கையெழுத்துப் போடாததும் போன் எடுக்காததும் அதற்குத்தான். ஆனால் நீ அவரே செய்துகொண்டாரோ என்று நினைக்கிறாய். அதைவிட இது பரவாயில்லை என்று நினைக்கிறேன். பரவாயில்லையா என்று எனக்கு உண்மையில் தெரியவில்லை.

உன் ஜனவரிக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ரூமில் இரண்டு பேரும் இருக்கும்போது போனில் பேச முடியாது என்றுதானே கம்பெனி முகவரிக்கு எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். கிழித்துப்போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாமா என் துணியையும் சேர்த்து ஊறவைக்க எடுத்தார். பையைத் துழாவாமல் அவர் எதையும் தண்ணீரில் போடமாட்டார், உனக்குத் தெரியும்.

படித்தார். மாடி ரூமை யாருக்கும் விடாதே, எப்போதாவது பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் வந்துவிட வேண்டியிருக்கும் என்று நீ எழுதியிருந்தாய். அந்த ரூம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும், நிம்மதியாக இருப்பேன் என்றும் எழுதியிருந்தாய். முழுக்கப் படித்தார். கட்டிலில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"எத்தன நாளா தெரியும் உனக்கு?" என்றார்.

"ஒரு மாசமா மாமா."

"ஒரு மாசமா என் கூடவே உக்காந்து சாப்பிட்டிருக்க."

"அக்கா சும்மா எழுதியிருக்கு."

"உங்கக்கா சும்மா ஒரு வார்த்த பேசி நான் பாத்ததில்ல."

அதோடு விட்டிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "வருஷத்துக்கு ரெண்டு தடவ விருந்தாளி மாதிரி போய்ட்டு வந்தா அது வேற என்னதான் பண்ணும்?" என்றேன். அவர் எழுந்து போய்த் துணியைத் துவைத்தார். என் சட்டையையும் துவைத்தார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒரு வார்த்தை இல்லை. செவ்வாய்க்கிழமைதான் லீவு கேட்டிருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது.

புதன்கிழமை காலை எங்களை மொட்டைமாடியில் விட்டார்கள். அந்தப் பக்கம் இரண்டு வளையம். ஒரு மூலையில் அவர், மறு மூலையில் நான். எப்போதும் அவர் என் மூலைக்கு வந்து கயிற்றை நீட்டுவார், நான் என் வளையத்தில் கட்டிக் கொடுப்பேன். பிறகு நான் போவேன். அன்றைக்கு அவர் வரட்டும் என்று நான் இருந்தேன். நான் வரட்டும் என்று அவர் இருந்திருப்பார். அப்புறம் அளந்து பார்த்தேன், நடுவில் பதினொரு எட்டு. அவர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பெல்ட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் இரண்டாவதையும் தன் வளையத்திலேயே கட்டிக்கொண்டிருந்தார். நானும் என்னுடைய இரண்டையும் என் வளையத்திலேயே கட்டிக்கொண்டேன்.

அதுதான் அக்கா. நானும் ஒரே வளையம்தான். என்னுடையது பிடித்துக்கொண்டது. இரண்டு வளையமும் ஒரே வருஷம் ஒரே ஆள் பதித்தது என்று சொல்கிறார்கள்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ கேட்டது ஒரு காலி ரூம். பதினொரு எட்டு நடக்காதவன் நான்.

பையை இன்று அனுப்பிவிட்டேன். உன் கடிதத்தை அவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. கிழித்திருப்பார்.

தம்பி

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

பை வந்து சேர்ந்ததா? ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் சரி.

விசாரணைத் தாளில் அவர்கள் எழுதியதை அடித்துவிட்டு என் கையால் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது கயிறு நான் கட்ட வேண்டியது, நான் கட்டவில்லை என்று. படித்துவிட்டு, இப்படி ஒரு விதி எங்கள் புத்தகத்தில் இல்லையே என்றார்கள். சுவரில் இருக்கிறது, ராக்கை நகர்த்திப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தையை மாமா பெயருக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றாம் தேதியிலிருந்து வேலை இல்லை. அதனால் ஒன்றும் இல்லை, வாளி தூக்குகிற வேலை எங்கேயும் கிடைக்கும்.

பாப்பாவிடம் என்ன சொன்னாய்?

தம்பி

ஏப்ரல் 29

தம்பிக்கு,

பை பத்தொன்பது நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. உன் கடிதம் வந்ததற்கு மறுநாள். இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு நான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். நானூறு, நானூறு என்று எண் குத்தினேன். உன் மேல் கோபம் வருமா என்று பார்த்தேன். வந்தது. பாதி உன் மேல், பாதி என் மேல். இரண்டுமே மரத்துப்போன காலில் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

பாப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அப்பாவும் மாமாவும் சண்டை போட்டுக்கொண்டார்கள், அதனால் ஒருத்தருக்கு ஒருத்தர் கயிறு கட்டவில்லை என்று சொன்னேன். எதற்குச் சண்டை என்றாள். அம்மா எழுதின ஒரு கடிதத்துக்கு என்றேன். அவள், "அப்புறம் பழம் விட்டிருப்பாங்க இல்ல?" என்றாள். நேரம் இல்லாமல் போய்விட்டது என்றேன்.

அன்றைக்குத்தான் பையைத் திறந்தேன். இரண்டு சட்டை, இரண்டு சீப்பு. சீப்புகூட இரண்டு! பக்கவாட்டு ஜிப்பில் என் கடிதம் இருந்தது. கிழிக்கவில்லை. நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பின்பக்கம் நீலப் பென்சிலால் எழுதியிருக்கிறார். கயிற்றில் குறி போடுகிற பென்சில் என்று நினைக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்.

மாடி ரூம். 20ஆம் தேதி போய்ச் செய்ய வேண்டியது.
ஜன்னல் கொக்கி உடைஞ்சிருக்கு. ரெண்டு வாங்கணும்.
குழாய்க்கு வாஷர்.
படிக்கட்டுக் கைப்பிடி ஆடும். பாப்பா பிடிப்பா. மொதல்ல அது.
பல்பு 2.
கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் 2. மேல நான். கீழ அவன் மாட்டணும்.

இவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் ஒரு கேள்வி இல்லை. அவரை விட்டுப் போவதற்கு நான் கேட்ட ரூமுக்கு, அவர் தாழ்ப்பாள் வாங்கக் கணக்கெடுத்திருக்கிறார். அந்த ரூமில் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒருநாள் படுத்திருந்தார். கைப்பிடி ஆடுவதுகூட ஞாபகம் இருந்திருக்கிறது.

கடைசி வரியை நீ இன்னொரு தடவை படி. அதை அவர் புதன்கிழமைக்கு முன்னால்தான் எழுதியிருக்க வேண்டும். பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளில் எழுதியது. பழம் விட்டுவிட்டார், உன்னிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அவ்வளவு ஊமை மனிதர். படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. பாப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய், கீழ்வீட்டுக்காரரிடம் சாவி வாங்கி, மாடி ரூமைத் திறந்தேன். ஜன்னல் கொக்கி உடைந்துதான் இருந்தது. குழாய் ஒழுகியது. கைப்பிடி ஆடியது. ஒன்றையும் அவர் தப்பாக எழுதவில்லை. நாங்கள் அடுத்த மாதம் அங்கேயே குடிபோகிறோம். சலவைக்கூடத்துக்கு ஒரு பஸ் மாற வேண்டும், பரவாயில்லை. நீ யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதே.

ஆசாரியை வரச்சொல்லி ஒவ்வொன்றாகச் செய்தேன். மேல் தாழ்ப்பாளை மட்டும் ஆசாரியை மாட்ட விடவில்லை, நானே மாட்டினேன். கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடிக்கிறது. ஆசாரி கீழே மாட்ட வேண்டியதையும் கையில் எடுத்து, "இதையும் மாட்டிறட்டுமாம்மா, அஞ்சு நிமிஷ வேல" என்றார்.

"வேணாம், அங்கயே வச்சிடுங்க. அத மாட்டுற ஆளு வருது" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா